வலது கால் மண்

நான் மண் திருடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் காலடி மண்ணை, அவருக்குத் தெரியாமல். ஒருமுறை அல்ல... ஆறேழு முறை.

சிரிக்கிறீர்களா? மண்ணை எடுப்பதும் ஒரு திருட்டா என்று கேட்கிறீர்களா? சிரித்துவிட்டே படியுங்கள். எட்டு வருடமாக என் கணவரிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபம் என்பதால்தான் சொல்கிறேனோ என்னவோ... அந்தச் சந்தேகமும் இருக்கிறது. என்னிடம் சந்தேகத்துக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய ஓட்டு வீடு. நடுவில் ஒரு சுவர் எழுப்பி அதை இரண்டு குடித்தனமாக்கியிருந்தார் வீட்டுக்காரர். அந்தச் சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே மண் வாசல், ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல். மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால், மதிலோரமாகத் தெருவரைக்கும் கருங்கல் பலகைகளை வரிசையாகப் பதித்திருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அங்கே குடிபோனோம். எனக்கு இருபத்து மூன்று வயது. என் மகள் நித்யாவுக்கு எட்டு மாதம். கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். மணிலாக் கடலை பயிரிட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அதுவும் என்ன பட்டம்? பி.எஸ்ஸி. வேதியியல்! இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றத்தை இது கூட்டுமே தவிரக் குறைக்காது.

நித்யாவுக்கு முன்னால் ஒன்று நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் யாரிடமும் பேசவில்லை. பேசாமலிருப்பதுதான் நல்ல பெண்ணுக்கு லட்சணம் என்று வளர்த்திருந்தார்கள். வெளியூரில் யாரோடும் ஒட்டாதே, யாரையும் ஒட்டவிடாதே, கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் வேண்டாம்... இதுதான் அப்பா எனக்குக் கொடுத்தனுப்பிய சீர். பாத்திரங்களைவிட அதைத்தான் நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

பக்கத்துக் குடித்தனத்தில் இருந்தவர் பச்சையம்மா. வயது நாற்பதை நெருங்கியிருக்கும். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைக்கிற வேலை. கணவர் பெங்களூரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். குழந்தை இல்லை. சத்தமாகச் சிரிப்பார்.

முதல் நாளே என் மனசுக்குள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். புருஷன் விட்டுப்போனவள். பிள்ளை இல்லாதவள். வெள்ளைக்காரர்களோடு பேசிச் சிரிக்கிறவள். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் நினைப்பில் அவர் வெறும் 'அவள்'.

குழாயடியில் அவராகவே பேச்சுக் கொடுப்பார். பாப்பாவின் அம்மா என்பதால் நான் அவருக்குப் 'பாப்பாம்மா'. "பாப்பாம்மா, இந்தக் கூத்தக் கேளு. நேத்து ஒரு வெள்ளக்காரம்மா, ரசத்த டம்ளர்ல வாங்கி டீ மாதிரி உறிஞ்சிச்சு. குடிச்சிட்டு இன்னா சொல்லிச்சு தெரியுமா? நல்லாத்தான் இருக்குது, சக்கர கம்மின்னுச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு "ஓகோ" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அதற்கப்புறம்தான் சிரித்தேன். தனியாக!

கேழ்வரகு அடை செய்தால் ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து கொடுப்பார். வாங்கிக்கொள்வேன். அவர் தலை மறைந்ததும் தெருவில் போகும் மாட்டுக்குப் போட்டுவிடுவேன். கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, வெறுமனே தரக் கூடாதென்று ஒரு கரண்டி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். "அடை எப்டி இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சுங்க." இதில் எங்கேயும் மரியாதைக்குக் குறைவில்லை பாருங்கள். இந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கு எனக்கு உடம்பு கூசுகிறது...

நித்யா மட்டும் என் மாதிரி இல்லை. தவழ ஆரம்பித்ததும் நேராக அவர் வாசற்படிக்குத்தான் போவாள். அவர் இரண்டு கையாலும் அள்ளித் தூக்குவார். "யப்பா, இன்னா கனம் கனக்குது! பூசணிக்காடி நீ, பூசணிக்கா!" என் குழந்தையின் கனத்தை அவர் ஏன் சொல்ல வேண்டும்? அதுவும் வாய்விட்டு?

ஒருநாள் அவர் சிரிக்காமல், நித்யாவின் முகத்தையே பார்த்தபடி சொன்னார். "பாப்பாம்மா, எப்பப் பாத்தாலும் இந்த எடது காதையே புடிச்சு இழுக்குது, பாத்தியா? இன்னான்னு பாரு."

நான் காதைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். எவ்வளவு உற்றுக் கவனிக்கிறாள் என் குழந்தையை! அன்றைக்கு என் மனசில் ஓடியது அந்த ஒன்றுதான்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள். இறங்கியது. மறுபடி வந்தது. பார்க்க வந்த என் மாமியார் குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, சுவரின் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"இது கண்ணுதான். அவ காலடி மண்ண எடுத்தாந்து, மொளகா உப்பு கடுகு சேத்து சுத்திப் போடு. நெடி வந்துச்சுன்னா ஒண்ணுமில்ல. வரலன்னா அவ கண்ணுதான்னு வச்சுக்க."

உங்களுக்கும் இந்த வழக்கம் தெரிந்திருக்கும். யார் கண் பட்டதாகச் சந்தேகமோ அவர்கள் மிதித்த இடத்து மண்ணை எடுத்து, காய்ந்த மிளகாயோடு சேர்த்துக் குழந்தையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் கருகி நெடி அடித்தால் திருஷ்டி இல்லை. நெடியே வராவிட்டால், அந்தக் கண் அவ்வளவு பொல்லாதது, நெடியையே தின்றுவிட்டது என்று அர்த்தம்.

மாமியார்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிவிடலாம். ஆனால் அவர் சொன்னது ஒரே ஒருமுறை. மறுநாளே பஸ் ஏறிவிட்டார். சொன்னதையும் மறந்திருப்பார். நான்தான் மறக்கவில்லை. செய்ததெல்லாம் நான்தான்.

எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சையம்மா காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புவார். செருப்போடு கோலத்தை மிதிக்கக் கூடாதென்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசலைத் தாண்டித் தெருவில்தான் போட்டுக்கொள்வார். ஒருநாள் அவர், ஒருநாள் நான் என்று முறை வைத்து வாசல் தெளித்து வந்தோம். என் முறை வரும் நாளில், அவர் கிளம்பச் சற்று முன்னதாக, வழக்கத்தைவிட இரண்டு வாளி கூடுதலாக ஊற்றித் தெளிப்பேன். ஈர மண்ணில் தடம் நன்றாகப் பதியும் அல்லவா! அவர் தலை சந்தின் முனையில் மறைந்ததும், வலது கால் தடத்தின் குதிகாலிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுப்பேன். எதனால் தெரியுமா? என் கல்யாணப் பத்திரிகை அட்டையால்.

உள்ளே கரி அடுப்பு தயாராக இருக்கும். மண்ணில் மிளகாயையும் உப்பையும் கடுகையும் சேர்த்து உருட்டி, நித்யாவை மூன்று சுற்று சுற்றி, நெருப்பில் போடுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நெடி வராது.

ஒருமுறைகூட வந்ததில்லை! பயமாக இருக்கும்... ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குள்ளே ஒரு திருப்தியும் இருந்தது. 'நான் நினைத்தது சரிதான்' என்ற திருப்தி. குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு தாய்க்கு அப்படி ஒரு திருப்தி வரலாமா?

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். குடையை மறந்துவிட்டேன் என்று பச்சையம்மா பாதி வழியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். நான் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் அட்டை. அட்டையில் மண்.

"இன்னா பாப்பாம்மா தேடற?"

"பாப்பா கொலுசு... திருகாணி விழுந்துடுச்சுக்கா."

அதுவரை அவரை நான் எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. முதன்முதலாக 'அக்கா' என்றது அந்தப் பொய்யில்தான்.

"அய்யய்யோ, வெள்ளியாச்சே!" என்று புடவையைச் செருகிக்கொண்டு அவரும் என்னெதிரே உட்கார்ந்துவிட்டார். ஈர மண்ணை விரலால் கிளறினார். தன் கால் தடத்தையே கிளறிக் கிளறி, இல்லாத திருகாணியைத் தேடினார். வேலைக்கு நேரமாகிறதே என்ற எண்ணம்கூட இல்லாமல்...

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை. கூடச் சேர்ந்து தேடினேன்!

அப்போது நித்யா தவழ்ந்து வாசற்படிக்கு வந்தாள். இரண்டு காலிலும் கொலுசு. ஜல் ஜல் என்று சத்தம். அவளுக்குப் பக்கத்தில், படியோரமாக நான் எடுத்து வைத்திருந்த தட்டு. மூன்று மிளகாய், கொஞ்சம் கல்லுப்பு, கடுகு.

பச்சையம்மா கொலுசைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"கெடைக்கும் பாப்பாம்மா. நேரமாச்சு, நான் போறேன்."

வாசலின் நடுவே போகவில்லை. மதிலோரம் போய், அந்தப் பலகைக் கற்கள்மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் தெருவுக்குப் போனார். எடுக்க வந்த குடையை எடுக்காமலே போய்விட்டார். அன்று பத்து மணிக்கு நல்ல மழை.

அன்றிலிருந்து அவர் மண்ணில் கால் வைக்கவே இல்லை. போவதும் வருவதும் கற்கள்மேல்தான். குழாயடியில் பேச்சு நின்றது. நித்யா தவழ்ந்து போய் அவர் கதவைத் தட்டினால், உள்ளிருந்தே குரல் வரும். "வேல இருக்குது தங்கம், அம்மாகிட்ட போ." கதவு திறக்காது. குழந்தை கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்கும்.

எனக்கு வெட்கம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் முதலில் வந்தது வெட்கமில்லை. 'இனிமேல் மண்ணுக்கு என்ன செய்வேன்' என்ற கவலைதான் முதலில் வந்தது. இதை எழுதும்போது பேனா நின்று நின்றுதான் போகிறது...

ஐப்பசி மழையில் மறுபடி காய்ச்சல். கணவர் பயிற்சிக்காக வேலூர் போயிருந்தார். முதல் நாள் வீட்டில் இருந்த மருந்தைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் இறங்கினாற்போல் இருந்தது. மூன்றாம் நாள் குழந்தை தலையைத் தலையணையில் புரட்டிப் புரட்டி வீரிட்டது. கூரை வரை எட்டாத அந்தச் சுவரைத் தாண்டி அழுகை போய்க்கொண்டே இருந்தது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் செருமல் சத்தம். பச்சையம்மா வீட்டோரக் கடைசிப் பலகைக் கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தார். என் படியேறவில்லை. கையை மட்டும் நீட்டினார். செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம்.

"இந்தா. வலது கால்தான். வெறகு அடுப்பு பக்கத்துல வச்சு, நல்லா காய வச்சு சலிச்சிருக்கேன். நீ குனிஞ்சு தேட வேணாம்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை. ஒரு கிண்ணம் அடை கொடுக்கிற மாதிரியே கொடுத்தார்.

"சுத்திப் போட்டுட்டு டாக்டராண்டயும் போ. காதப் பாக்கச் சொல்லு" என்றார். போய்விட்டார்.

இப்போது நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பொட்டலத்தை வீசிவிட்டு அவர் பின்னால் ஓடியிருப்பேன் என்றா? 'என்னை மன்னிச்சிடுங்கக்கா' என்று கதறியிருப்பேன் என்றா?

நான் அதை வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்தேன். கரி அடுப்பை மூட்டினேன். அவர் கொடுத்த மண்ணோடு மிளகாய் சேர்த்து, என் குழந்தையைச் சுற்றி, நெருப்பில் போட்டேன்!

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். திருடியது பயத்தால் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் தன்னைத் தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட மாதிரி தன் காலடி மண்ணைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, அதை வாங்கி எரித்தேனே... அதற்கு என்ன பெயர்?

நெடி அடித்தது.

வெறும் நெடியா அது! கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டை எரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஓட்டுக்குக் கீழே புகை மாதிரி பரவி, சுவரைத் தாண்டி, பச்சையம்மாவின் வீட்டுக்குள்ளும் இறங்கியது. அவர் இருமுவது கேட்டது. இருமலுக்கு நடுவே குரல்.

"நெடி வந்துடுச்சு பாப்பாம்மா!"

சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அங்கேயே, வாசலில் நின்றபடியே, எனக்குப் புரிந்தது. வேதியியல் படித்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது! இத்தனை நாளும் நான் சுரண்டியது ஈர மண். கூடுதலாக இரண்டு வாளி ஊற்றி நானே ஈரமாக்கிய மண். அந்தச் சேற்றில் உருட்டிப் போட்டால் மிளகாய் எப்படிக் கருகும்? நெருப்பே அவிந்து போகுமே! அவர் கண்ணுக்கு எதிராக நான் சேர்த்து வைத்த சாட்சி அத்தனையும் என் வாளித் தண்ணீர்.

அன்று மாலையே மருத்துவரிடம் ஓடினேன். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா சீழ் இருக்குதும்மா? குழந்தை காதைப் பிடிச்சு இழுத்திருக்குமே... கவனிக்கலையா?"

கவனித்தவர் ஒருவர் இருந்தார். அவர் கவனித்ததைத்தான் நான் திருஷ்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் போய்விட்டது. சீழும் நின்றது. ஆனால் நித்யாவின் இடது காது இன்றுவரை கொஞ்சம் மந்தம்தான். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி வருடா வருடம் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் அவள் வலப்பக்கமாகத் தலையைத் திருப்புவாள். அந்தத் திருப்பலை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும்... வேண்டாம், மேலே போகிறேன்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போகவில்லை. வெட்கம் என்னை இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ள வைத்தது. நாலு மாதம் கழித்துத்தான் ஒருநாள் குழாயடியில், குடம் நிறைகிற சத்தத்தில், எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். "அக்கா, ரசத்துக்குச் சக்கர கேட்டாங்களே அந்தம்மா... இன்னும் இருக்காங்களா?"

அவர் நிமிர்ந்தார். "போயிட்டாங்க" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு ஒருக்களித்துச் சாத்திக்கொண்டது.

ஒற்றை வார்த்தை. நான் கொடுத்துவந்தது எனக்கே திரும்பியது. அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் விடவில்லை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். என் வீட்டுக் கிண்ணங்கள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தன. விடுதியில் உணவுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி மாட்டச் சொல்கிறார்கள் என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ஒரு அட்டையில் அழகாக எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கல்யாணப் பத்திரிகை அட்டை இல்லையே என்று பார்த்தாரோ... எனக்கு அப்படித்தான் தோன்றியது. "இன்னா பாப்பாம்மா, டிகிரிக்கு இன்னிக்கித்தான் வேல வந்துச்சா?" என்றார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வந்த கேலி! அவர் எதிரிலேயே சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசற்படியில் உட்கார்ந்து, அவர் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கினேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நாலாம் மாதத்தில் கலைந்துபோன அந்த முதல் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். என் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. நித்யாவை யாராவது தூக்கினாலே எனக்கு மூச்சு முட்டும் என்பதையும் சொன்னேன்.

அவர் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு நாலு" என்றார்.

நாலு! நாலு முறை இழந்த பெண்ணின் மடியிலிருந்துதான் நான் என் குழந்தையைப் பிடுங்கி வைத்திருந்தேன். உங்களுக்குத் தெரிகிறதா இந்தக் கணக்கு? எனக்கு இன்னும் சரியாகவில்லை.

அவர் என்னோடு பேசினார், சிரித்தார். குழந்தையை மட்டும் தொடமாட்டார். நான் நீட்டினால், "சளி புடிச்சிருக்குது எனக்கு", "கை ஈரமா இருக்குது" என்று ஏதாவது சொல்லி விலகுவார். கடைசியில் நித்யாவே முடிவு செய்தாள். ஒன்றரை வயதில், தத்தித் தத்தி நடந்துபோய், அவர் மடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பச்சையம்மா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார், மடியில் நெருப்பு விழுந்த மாதிரி. என்னைப் பார்த்தார்.

"புடிச்சுக்குங்கக்கா. விழுந்துடப் போறா."

"நீயாத்தான் சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

கைகள் மெதுவாக இறங்கின. நித்யா அவர் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து, குழந்தையின் வலது காதில் என்னவோ சொன்னார். அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது, எந்தக் காதில் சொல்ல வேண்டும் என்று.

அதற்கப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. நித்யாவுக்கு அவர் 'பச்சைம்மா'. என் வீட்டுச் சாவி அவரிடம் ஒன்று, அவர் வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று. எனக்கு டைபாய்டு வந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பெங்களூரிலிருந்து கணவர் இறந்த செய்தி வந்தபோது அவர் அழுததும் என் தோளில்தான். எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சிநேகிதி உண்டு என்றால் அது அவர்தான்.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதே என்பீர்கள்...

போன சித்திரைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களுக்கு நாங்கள் இருவரும் மோர் கொடுத்தோம். வெயில் தாழ்கிற நேரம். கூட்டம் இன்னும் சேரவில்லை. நான் மொண்டு கொடுக்க, அவர் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ வெறுங்கால்கள் அந்த மண்ணை மிதித்துக்கொண்டு போயின. அதைப் பார்த்ததும் அடைத்திருந்தது வாய்வரை வந்துவிட்டது.

"அக்கா... அந்தக் காலத்துல, அந்த மண்ணு..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமில்லை.

"சொல்லாத பாப்பாம்மா. நீ சொன்னா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்கு இன்னும் அது வரல. வந்தா நானே கேக்குறேன்." பிறகு, "ஜாஸ்தி ஊத்தாத, தளும்புது பாரு" என்றார்.

பார்த்தேன். டம்ளர் வழிந்து என் கையெல்லாம் மோர்.

அவர் இன்னும் கேட்கவில்லை. அவர் கேட்கிறவரை எனக்குச் சொல்லும் உரிமை இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இதுவும் ஒருவகைத் திருட்டுத்தானோ? அவருக்குத் தெரியாமல் அவர் மண்ணை மறுபடியும் எடுத்து, இந்தத் தடவை உங்கள் முன்னால் போடுகிறேனோ? தெரியவில்லை...

மூன்று வருடத்துக்கு முன்பே வீட்டுக்காரர் வாசலுக்குச் சிமெண்ட் பூசிவிட்டார். மதிலோரத்துப் பலகைக் கற்களை மட்டும் பெயர்க்காமல் விட்டுவிட்டார். இப்போது வாசலில் எடுக்க மண்ணே கிடையாது. எத்தனை வாளி ஊற்றினாலும் தடம் பதியாது.

ஆனாலும் பச்சையம்மா கற்கள்மேல்தான் போகிறார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மதிலோரமாக, ஒவ்வொரு கல்லாக. தெரிந்து செய்கிறாரா, கால்கள் தாமாகவே போகின்றனவா என்று நான் கேட்டதில்லை. என் வீட்டுக்குள் அடுப்படி வரை வருகிறவர், அந்த வாசலின் நடுவில் மட்டும் கால் வைப்பதில்லை.

இன்று காலை நித்யா கேட்டாள். "ஏம்மா, பச்சைம்மா எப்பவும் கல்லு மேலயே போறாங்க?"

"சிமெண்ட்டு வழுக்கும்டி" என்றேன்.

திருகாணிக்கு அப்புறம் இன்னொரு பொய்.

"அப்ப நானும் கல்லு மேலயே போறேன்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள் என் மகள். முன்னால் அவர், பின்னால் அவள், ஒவ்வொரு கல்லாக... தெருமுனையில் அவர் திரும்பி நின்று, அவளுடைய வலப்பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று வாசல் தெளிக்கும் முறை என்னுடையது. நிறைந்த வாளியோடு நான் நின்றுகொண்டே இருந்தேன்.